கட்டியை நோக்கி ஓடும் குருத்தணுக்கள்

“நீதானே பாப்பா ரேடியோல சொன்ன? அதான் வாங்குனேன்.”

சுங்கைப் பட்டாணியில் பெரியம்மா வீட்டுச் சமையலறை. மேசைக்கு அடியில் ஆறு பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் தூள் பொட்டலங்கள். பெட்டியின் மேல் பொன்னிற எழுத்தில் ‘ஸ்டெம் செல்’ என்று போட்டிருந்தது. அந்தப் பானத்தின் விளம்பரத்துக்குக் குரல் கொடுத்தது நான்தான். முப்பது விநாடி விளம்பரம். உங்கள் செல்கள் புதிதாய்ப் பிறக்கட்டும் என்கிற மாதிரி ஒரு வாசகம். ஒரே மூச்சில் பேசி முடித்துவிட்டு, அடுத்த பாட்டைப் போடப் போய்விட்டேன். அதில் என்ன இருக்கிறது, யார் குடிப்பார்கள் என்று நான் கேட்கவில்லை.

குடித்தது என் பெரியப்பா. அவருக்கு மூளையில் கட்டி.

பெரியப்பா பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டத்தில் பால் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது பட்டணத்துக்கு வந்து ஒரு தொழிற்சாலையில் காவலாளியாக இருந்தார். ஒருநாள் காலையில் தேநீர் கேட்க வாயைத் திறந்தவருக்குச் சொல் வரவில்லை. கையால் காட்டினார். ‘தூக்கம் போதவில்லை’ என்று எல்லாரும் விட்டுவிட்டோம். இரண்டு வாரம் கழித்து வலது கையில் சட்டை மாட்ட முடியவில்லை. அன்று இரவே வலிப்பு. அறுபது வயதுவரை வலிப்பே வராத ஒருவருக்கு முதன்முறையாக வலிப்பு வந்தால் உடனே மூளையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். விடியற்காலைத் தலைவலியோடு வாந்தி, பேச்சில் தடுமாற்றம், ஒரு பக்கக் கைகால் சோர்வு, திடீரென்று மாறிப்போகும் சுபாவம், இவையெல்லாமும் அப்படித்தான். அறுவை செய்து எடுத்த சதையைச் சோதித்தபோது ‘க்ளையோபிளாஸ்டோமா’ என்று வந்தது. பெரியவர்களுக்கு மூளையிலேயே உருவாகும் புற்றுக்கட்டிகளில் மிகக் கொடியது அது. 2005இல் வெளிவந்த பெரிய ஆய்வில், கதிர்வீச்சோடு டெமோசோலோமைட் என்ற மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் ஏறக்குறைய 15 மாதம் வாழ்ந்தார்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுக்கு அது 12 மாதம். இன்றுவரை அந்தச் சிகிச்சைதான் அடிப்படை.

இப்படிப்பட்ட நேரத்தில் யார் என்ன சொன்னாலும் காது கொடுக்கத் தோன்றும். பானம் விற்றவர் அடுத்த படிக்குப் போனார். “குடிக்கிறதவிட ஊசி நல்லாக் கேக்கும். ஸ்டெம் செல் நேரா கட்டியத் தேடிப் போயி அடிக்கும்” என்றாராம். நாற்பத்தைந்தாயிரம் வெள்ளி. பெரியம்மா ஊழியர் சேமநிதிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு என்னைத்தான் கேட்டார்: “உண்மையா பாப்பா?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை. பதில் நான் நினைத்ததைவிடச் சிக்கலானது. ஏனென்றால் விற்பனையாளர் சொன்னதில் ஒரு துண்டு உண்மை இருந்தது.

ஸ்டெம் செல்லைத் தமிழில் குருத்தணு என்கிறோம். செம்பனையின் உச்சியில் குருத்து இருக்கும்வரை மரம் ஓலை விட்டுக்கொண்டே இருக்கும். காண்டாமிருக வண்டு குருத்தைத் தின்றுவிட்டால் மரம் போச்சு. உடம்பிலும் அப்படிச் சில அணுக்கள் உண்டு. தன்னைப் போலவே இன்னொன்றையும் பெறும், வேறு வேலை செய்யும் பிள்ளையையும் பெறும். ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹேக்கல் 1868இல் இந்தச் சொல்லை முதலில் எழுதியபோதும் அவர் மனத்தில் இருந்தது மரத்தின் அடித்தண்டுதான்.

நான் இதை அம்மாவிடம் விளக்க முயன்றேன். அம்மாவும் பால் வெட்டியவர். அவர் என்னைத் திருப்பி விளக்கினார். “வெட்டுன பட்டை மறுபடி வளருதுல்ல, அது எங்கேருந்து வருது? கட்டைக்கும் பட்டைக்கும் நடுவுல காயிதம் மாதிரி ஒரு ஈரத்தோல் இருக்கு. கத்தி அதைத் தொடக்கூடாது. தொட்டா காயம். அந்த எடத்துல பட்டை ஒழுங்கா வராது, முண்டு முண்டா வரும். தண்டலு வந்து பாத்தாருன்னா அன்னிக்கிப் பிரட்டுல மானம் போயிடும்.”

தாவரவியல் படித்தவர்கள் அந்த ஈரத்தோலைக் கேம்பியம் என்கிறார்கள். அதுதான் பால் மரத்தின் குருத்தணு அடுக்கு. புதுப்பட்டையும் அதிலிருந்துதான், காயப்பட்டால் முண்டும் அதிலிருந்துதான். அம்மா சொன்ன இந்த இரண்டாவது பாதியை அன்று நான் சரியாகக் கவனிக்கவில்லை. பிறகு தேவைப்பட்டது.

மூளையில் இப்படி ஓர் அடுக்கு இருப்பதையே விஞ்ஞானிகள் நெடுங்காலம் நம்பவில்லை. பிறந்தபோது உள்ள நரம்பணுக்கள்தான், செத்தால் செத்ததுதான் என்பது பாடம். 1960களில் ஜோசப் ஆல்ட்மேன் என்பவர் வளர்ந்த எலிகளின் மூளையில் புதிய நரம்பணுக்கள் பிறப்பதைக் காட்டினார். அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை. 1992இல் கனடாவில் பிரெண்ட் ரெய்னால்ட்ஸும் சாமுவேல் வைஸும் வளர்ந்த சுண்டெலியின் மூளையிலிருந்து குருத்தணுக்களைப் பிரித்து வளர்த்தார்கள். மனிதருக்கு ஆதாரம் 1998இல் சுவீடனிலிருந்து வந்தது. அது எப்படிக் கிடைத்தது என்பதைப் படித்தபோது சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நாக்கு, தொண்டை சார்ந்த புற்றுநோய் கண்ட 5 பேருக்கு, கட்டி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று பார்க்க ஒரு குறியீட்டு மருந்து ஏற்றியிருந்தார்கள். புதிதாகப் பிரியும் எந்த அணுவிலும் அது ஒட்டிக்கொள்ளும். அவர்கள் இறந்த பிறகு, பீட்டர் எரிக்சனும் அமெரிக்காவின் ஃபிரெட் கேஜும் அந்த 5 மூளைகளையும் பார்த்தார்கள். ஞாபகத்துக்கான ஹிப்போகேம்பஸ் பகுதியில் குறியீடு ஒட்டிய இளம் நரம்பணுக்கள் இருந்தன. புற்றுநோயாளிகள் தந்த அறிவு அது.

ஹிப்போகேம்பஸைத் தவிர இன்னோர் இடமும் உண்டு. மூளையின் நடுவில் நீர் நிரம்பிய அறைகள் இருக்கின்றன. அவற்றின் சுவரை ஒட்டிய மெல்லிய படலத்தில் குருத்தணுக்கள் குடியிருக்கின்றன. அம்மா சொன்ன ஈரத்தோல் மாதிரியே.

இனி விற்பனையாளரின் துண்டு உண்மைக்கு வருவோம். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரன் அபூடி, இவான் ஸ்னைடர் முதலியோர் எலியின் மூளையில் ஒரு பக்கம் புற்றுக்கட்டியை வளர்த்து, மறுபக்கத்தில் நரம்புக் குருத்தணுக்களைச் செலுத்தினார்கள். அணுக்கள் மூளையைக் குறுக்கே கடந்து கட்டிக்குப் போய்ச் சேர்ந்தன. கட்டியிலிருந்து தப்பித்து ஓடிய ஒற்றைப் புற்றணுக்களின் பின்னாலும் போயின. அறுவை மருத்துவர்கள் தோற்பது இந்தத் தப்பியோடிகளிடம்தான். கண்ணுக்குத் தெரிகிற கட்டியை முழுதாக எடுத்தாலும், நல்ல மூளைக்குள் வேர் ஓட்டிவிட்ட அணுக்கள் மறுபடி முளைக்கின்றன.

அவை வெளியிலிருந்து செலுத்தியவை. எலியின் சொந்தக் குருத்தணுக்கள் என்ன செய்கின்றன? 2005இல் பெர்லினின் மேக்ஸ் டெல்புரூக் மையத்தில் ரைனர் கிளாஸ், ஹெல்மூட் கெட்டன்மான் குழுவினர் அதைப் பார்த்தார்கள். குருத்தணு வழி வரும் இளம் அணுக்கள் பச்சையாய் ஒளிரும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகள். கட்டி வளரத் தொடங்கியதும், மூளைநீர் அறைச் சுவரிலிருந்த பச்சை அணுக்கள் தங்கள் வழக்கமான பாதையை விட்டுவிட்டுக் கட்டியைப் பார்த்து நகர்ந்தன. கட்டியைச் சுற்றி வளைத்து நின்றன. அங்கே புற்றணுக்கள் செத்துக்கொண்டிருந்தன.

தோட்டத்தில் எங்காவது தீ என்றால் லயத்தில் இருப்பவர்கள் கையில் கிடைத்த வாளியோடு ஓடுவார்களே, அதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

ஆனால் இளம் எலிகளில்தான் அந்தக் கூட்டம் பெரிது. வயதான எலிகளில் வந்து சேர்ந்தவை குறைவு. கட்டி பெரிதாக வளர்ந்தது, எலிகளும் சீக்கிரம் செத்தன. வயதான எலிக்கு வெளியிலிருந்து இளம் அணுக்களைக் கட்டியோடு சேர்த்துக் கொடுத்தபோது ஆயுள் கூடியது. க்ளையோபிளாஸ்டோமா பெரும்பாலும் வயதானவர்களுக்கே ஏன் வருகிறது என்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று அந்தக் குழு எழுதியது. அதற்கு மேல் அவர்கள் போகவில்லை.

அணுக்கள் வளைத்து நின்று என்ன செய்கின்றன? அதற்கான விடை 2012இல் அதே ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. இதைத் தமிழர் வீட்டில் சொன்னால் நம்பமாட்டார்கள்: மிளகாய்!

மிளகாயைக் கடித்தால் எரிகிறதே, அந்த எரிச்சலை உணர நம் நரம்புகளில் ஒரு வாயில் இருக்கிறது. டிஆர்பிவி1 என்று பெயர். மிளகாயின் கேப்சைசின் அதைத் திறக்கும். கொதிக்கும் சூடும் திறக்கும். 1997இல் அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வாயில், கொடிய மூளைக் கட்டிகளின் அணுக்கள் மேல் ஏராளமாக இருக்கிறது. சுற்றி வளைத்த இளம் அணுக்கள், கேப்சைசினைப் போல் வேலை செய்யும் கொழுப்புவகைப் பொருள்களைச் சுரக்கின்றன. வாயில் திறந்துகொள்கிறது, புற்றணுவுக்குள் கால்சியம் பாய்கிறது, அதன் உள்ளமைப்பு தாங்காமல் அணு மடிகிறது. உடம்பு தானே அரைத்த மிளகாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உடனே யாரும் பெரியப்பாமார்களுக்குச் சம்பல் ஊட்டத் தொடங்கிவிடாதீர்கள். சாப்பிடும் மிளகாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இவையெல்லாம் எலியின் மூளையில், மிக அருகில் நின்று, சிறு அளவில் நடப்பவை.

இதுவரைக்கும் படித்திருந்தால் நானே பெரியம்மாவிடம் ‘ஊசி போடலாம்’ என்று சொல்லியிருப்பேன். ஏய்ம்ஸ்ட்டில் உயிர்த்தொழில்நுட்பம் படித்த என் சித்தி மகன்தான், “அக்கா, மீதியையும் படிங்க. நல்ல பக்கம் மட்டும் படிச்சிட்டு நிறுத்துனா நீங்களும் அந்த ஆளும் ஒண்ணு” என்றான். சுருக்கென்றது. மீதியைப் படித்தேன்.

அம்மா சொன்ன முண்டு அங்கே இருந்தது.

2018இல் தென் கொரியாவின் ஜியோங் ஹோ லீ குழுவினர், க்ளையோபிளாஸ்டோமா நோயாளிகளின் கட்டியை மட்டும் பார்க்காமல், கட்டியே இல்லாத மூளைநீர் அறைச் சுவரையும் எடுத்துச் சோதித்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களிடம், கட்டியில் இருந்த அதே மரபணுப் பிழை அந்தச் சுவரிலும் இலேசாக இருந்தது. அதாவது குருத்தணு வீட்டில் ஒன்று முதலில் கெட்டுப்போகிறது. அதன் வழிவந்தவை வெளியே நகர்ந்து, வேறோர் இடத்தில் கட்டியாகின்றன. தீயணைக்க ஓடிவரும் லயத்திலேயேதான் தீ வைத்தவனும் குடியிருந்திருக்கிறான்.

அதற்கு முந்தைய ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் மிஷெல் மோஞ்சே குழுவினர் வேறொன்றைக் கண்டிருந்தார்கள். குருத்தணு வீட்டின் இளம் அணுக்கள் சுரக்கும் பிளையோட்ரோபின் என்ற பொருளை மோப்பம் பிடித்துப் புற்றணுக்கள் அந்த வீட்டை நோக்கியே ஊர்ந்து போகின்றன. இவை அதை நோக்கிப் போகின்றன, அதுவும் இவற்றை நோக்கி வருகிறது. 2004இல் டொரோண்டோவில் ஷீலா சிங், பீட்டர் டிர்க்ஸ் ஆகியோர் கட்டிக்குள்ளேயே குருத்தணு மாதிரி நடந்துகொள்ளும் ஒரு சிறு கூட்டம் இருப்பதைக் காட்டியிருந்தார்கள். அந்த வகையில் 100 அணுக்களை எலி மூளையில் வைத்தாலே புதிய கட்டி முளைத்தது. மருந்து மற்றவற்றைக் கொன்றாலும், மறுபடி முளைக்க இந்தக் கூட்டத்தில் கொஞ்சம் மிஞ்சினால் போதும்.

ஊசியைப் பற்றிய என் சந்தேகத்தை முடித்து வைத்தது ஒரு சிறுவனின் கதை. இஸ்ரேலைச் சேர்ந்தவன். பிறவியிலேயே நடையும் கையசைவும் தடுமாறும் ஒரு மரபணு நோய். 2001இல், 9 வயதில், பெற்றோர் அவனை மாஸ்கோவுக்கு அழைத்துப்போய்ச் சிசுக்களிலிருந்து எடுத்த நரம்புக் குருத்தணுக்களை அவன் மூளையிலும் மூளைநீரிலும் ஏற்றினார்கள். 2002இலும் 2004இலும் மறுபடி. அவனுக்குத் தலைவலி தொடங்கியது. 2005இல் எடுத்த படத்தில் மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள். தண்டுவடக் கட்டியை எடுத்துச் சோதித்தபோது அதில் பெண்ணின் அணுக்கள் இருந்தன. பையனின் உடம்பில் பெண் அணு எப்படி வரும்? ஏற்றிய குருத்தணுக்களே கட்டியாகியிருந்தன. 2009இல் மருத்துவ இதழில் வெளியான இந்த விவரம் உலகெங்கும் பேசப்பட்டது. அந்தப் பெற்றோரும் பெரியம்மாவைப் போலத்தான் யாரிடமாவது, “உண்மையா?” என்று கேட்டிருப்பார்கள்.

அப்படியானால் குருத்தணுவை வைத்துச் சிகிச்சையே கிடையாதா? முயல்கிறார்கள், பொறுமையாக. அபூடியின் குழு கலிஃபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவமனையில் 2010இல் மனிதர்களிடம் தொடங்கியது. அவர்கள் குருத்தணு புற்றைக் கொல்லும் என்று நம்பி ஏற்றவில்லை. அதை ஒரு தபால்காரர் போலப் பயன்படுத்தினார்கள். அணுவுக்குள் ஒரு நொதியை வைத்து, அறுவையின்போது கட்டி எடுத்த குழியின் சுவரில் செலுத்தினார்கள். சில நாள் கழித்து, தீங்கில்லாத ஒரு மருந்தை விழுங்கக் கொடுத்தார்கள். நொதி இருக்கும் இடத்தில் மட்டும் அது புற்றுநோய் மருந்தாக மாறும். 15 நோயாளிகள். மூளைக்குள் மருந்து உருவானது, அணுக்கள் தூரத்துக் கட்டிகள்வரை போயிருந்தன, ஏற்றிய அணுக்களிலிருந்து புதுக் கட்டி வரவில்லை. 2017இல் வெளியான அறிக்கை, ‘இது பாதுகாப்பாகச் செய்யக்கூடியது’ என்பதோடு நின்றது. பிறகு சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் புற்றணுவை உடைக்கும் வைரஸைக் குருத்தணுவில் ஏற்றி 12 பேருக்குக் கொடுத்தார்கள். 2021இல் வந்த முடிவும் அதே வகைதான். இருபது ஆண்டு உழைப்புக்குப் பின் 27 பேர். நாற்பத்தைந்தாயிரம் வெள்ளிக்கு ஊசி போடுகிறவருக்கு இந்த 27 பேரைத் தெரியுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை, என் கைப்பேசி எண்ணைப் பார்த்ததும் அவர் எடுப்பதில்லை.

நம் நாட்டு நிலையையும் சொல்லிவிடுகிறேன். இரத்தப் புற்று, தலசீமியா போன்ற இரத்த நோய்களுக்கான குருத்தணு மாற்றுச் சிகிச்சை நிலைபெற்றது. அதைப் பற்றிப் பயம் வேண்டாம். மூளைக் கட்டிக்கு அப்படி ஏற்றுக்கொள்ளப்பட்ட குருத்தணு ஊசி எதுவும் இல்லை. யாராவது கொடுப்பதென்றால் அது பதிவு பெற்ற மருத்துவ ஆய்வாக, நெறிக்குழுவின் ஒப்புதலோடு இருக்க வேண்டும். ‘ஆய்வுதான்’ என்று சொல்லிக்கொண்டே கட்டணப் பட்டியலை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பானத்தின் கதை இன்னும் எளிது. மருந்து விளம்பரத்துக்கு 1956ஆம் ஆண்டிலிருந்து இங்கே சட்டம் உண்டு. புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்ய முடியாது. நான் படித்த முப்பது விநாடியை மறுபடி எடுத்துப் போட்டுக் கேட்டேன். ‘புற்றுநோய்’ என்ற சொல்லே அதில் இல்லை. ‘செல்’ என்ற சொல் நான்கு முறை இருந்தது. சட்டத்துக்கு அது போதும். பெரியம்மாவுக்கும் அது போதுமாக இருந்திருக்கிறது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பதிவு பெற்ற மருந்துகளில் ‘எம்ஏஎல்’ என்று தொடங்கும் எண் இருக்கும். இதில் இல்லை, அது உணவுப்பொருள். குடித்தால் வயிற்றில் செரிக்கும், அவ்வளவுதான்.

சேமநிதிப் பணம் தப்பியது. பெட்டிகளுக்குக் கொடுத்தது போனது. முத்திரை பிரிக்காத மூன்று பெட்டிகளைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை. என் குரலில் வந்த விளம்பரத்தை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார்கள். இப்போது வேறொருவர் குரலில் ஓடுகிறது.

பெரியப்பா அறுவைக்குப் பின் பதினொரு மாதம் இருந்தார். கதிர்வீச்சு, மாத்திரை எல்லாம் முறையாக முடித்தார். நடுவில் சில மாதம் நன்றாகவே இருந்தார். பேச்சு திரும்பியது, பேரனோடு பூப்பந்துகூட ஆடினார். கருமக்கிரியை முடிந்த வாரம், நான் படித்ததையெல்லாம் பெரியம்மாவிடம் சொன்னேன். எலி, மிளகாய், லயம், முண்டு எல்லாவற்றையும். வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அப்ப இவரு மண்டைக்குள்ளயும் அதுங்க ஓடியிருக்குமா பாப்பா?”

மனித மூளையில் இந்தச் சுவர் குழந்தைப் பருவத்துக்குப் பிறகு பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. பெரியவர்களின் ஹிப்போகேம்பஸில் புதிய நரம்பணு பிறக்கிறதா என்பதிலேயே 2018இல் ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஆய்வுகள் ஒன்றுக்கொன்று நேர்மாறாகச் சொல்லின. இதையெல்லாம் அந்தச் சமையலறையில் எப்படிச் சொல்வது?

“கொஞ்சந்தான் இருந்திருக்கும் பெரியம்மா. வயசாயிடுச்சில்ல. இருந்தது ஓடியிருக்கும்.”

“அவரும் அப்படித்தான்” என்றார். “பக்கத்து லயத்துல சத்தம் கேட்டாலே செருப்புப் போடாம ஓடுவாரு.”

மறுபடி வெங்காயம் உரிக்கத் தொடங்கினார்.